வெங்காயம், பூண்டு இல்லாத பந்திச் சாப்பாடு சீக்கிரம் ஊசிப்போகுமா?

புளியரைப் பந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புளியரை எஸ் வளைவுக்குக் கீழே, கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்களுக்கு அன்னதானம் போடுகிறோம். சமையல் பொறுப்பு என்னுடையது. செங்கோட்டை வழியாக ஆரியங்காவு, அச்சன்கோவில், எருமேலி என்று போகிற வண்டிகள் நின்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும். மாலை போட்டவர்களில் பலர் வெங்காயமும் பூண்டும் தொடுவதில்லை. அதனால் சீசன் முழுக்க அவை இல்லாமல்தான் சமையல்.

இந்த வருஷம் குழுவில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பூண்டு, வெங்காயத்துக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு, அதை எடுத்துவிட்டால் சாம்பாரும் சட்னியும் சீக்கிரம் கெடும், அதற்குப் பதிலாக மஞ்சளையும் பெருங்காயத்தையும் கூட்டிப் போட வேண்டும் என்கிறார்கள். காலை நாலு மணிக்கு இறக்குகிற சாம்பார் பதினொரு மணிப் பந்தி வரை ஓடும். சாப்பிடுகிறவர்கள் அதற்குப் பிறகு மலை ஏற வேண்டியவர்கள். வயிறு கெட்டால் அவர்கள் விரதமே வீணாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

அண்ணாச்சி, உணவுப் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணுயிரிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூண்டுக்குச் சக்தி உண்டு என்பது நிஜம். ஆனால் முழுப் பல்லுக்குள் அந்தச் சக்தி தயாராக உட்கார்ந்திருக்கவில்லை. அல்லின் என்ற கந்தகச் சேர்மம் செல்லுக்குள் ஓரிடத்தில் இருக்கும். அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையில் இருக்கும். தீப்பெட்டியும் குச்சியும் மாதிரி, உரசும் வரை ஒன்றுமில்லை. பல்லை நசுக்கினாலோ நறுக்கினாலோ இரண்டும் கலந்து ஒரு நிமிடத்துக்குள் அல்லிசின் பிறக்கிறது. உரிக்காத பூண்டில் இல்லாத அந்தக் கார வாடை, உரலில் போட்டு ஒரு தட்டுத் தட்டியதும் மூக்கில் ஏறுகிறதே, அதுதான் அல்லிசின். 1944-இல் அமெரிக்காவில் கேவல்லிட்டோவும் பெய்லியும் இதைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கிராம் பச்சைப் பூண்டை நசுக்கினால் சுமாராக 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை கிடைக்கும். பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகக் கண்ணிகளில் போய் ஒட்டிக்கொண்டு அந்த நொதிகளை முடக்கிவிடும். சால்மோனெல்லா, ஈ. கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பல கிருமிகள் மேல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்கிறது.

சாம்பாருக்கு வருவோம். அல்லினேஸ் சூடு தாங்காத நொதி. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், மைக்ரோவேவில் 60 விநாடி வைத்ததற்கே அது செயலிழந்துவிட்டது. நாம் முழுப் பல்லாகப் பூண்டைக் கொதிக்கிற பருப்பில் போடுகிறோம். அல்லிசின் பிறப்பதற்கு முன்பே நொதி செத்துவிடும். எண்ணெயில் சிவக்க வதக்கினாலும் அப்படித்தான், பிறந்த கொஞ்ச அல்லிசினும் சூட்டில் சிதைந்துவிடும். கொதித்து இறக்கிய சாம்பாரில் பூண்டு தருவது மணமும் ருசியும். ஏழு மணி நேரம் காவல் காக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. பூண்டு போட்ட சாம்பாரும் போடாத சாம்பாரும் ஒரே வேகத்தில்தான் கெடும் என்றே நான் சொல்வேன்.

பழையது எழுதியது:

அம்மா, நீங்கள் படித்தவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் குளிர்பெட்டி கிடையாது. ராத்திரி தண்ணீர் ஊற்றிய சோற்றைக் காலையில் சின்ன உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை, கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வயலுக்குப் போனார்கள். ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை. உள்ளியும் மிளகும் மஞ்சளும் கிருமியை அடக்கும் என்று தெரிந்துதான் பெரியவர்கள் சாப்பாட்டில் வைத்தார்கள். அதை வெறும் ருசி என்று தள்ளிவிடலாமா?

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் எழுதியது:

ஐயா சொல்வதற்கு ஆதாரம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பில்லிங், ஷெர்மன் என்ற இருவர் 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 36 நாடுகளின் 4,578 இறைச்சிச் சமையல் குறிப்புகளை எடுத்து, வெப்பம் கூடின நாடுகளில் மசாலா கூடுதலாகச் சேர்க்கிறார்கள், அது கிருமிகளை அடக்கத்தான் என்று வாதிட்டார்கள். பூண்டு, வெங்காயம் இரண்டும் சோதித்த எல்லா பாக்டீரியாவையும் தடுத்தன என்று அதில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் இதைப் பாடமாகவே சொன்னார்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

தம்பி, அந்தக் கட்டுரையோடு 2021-இல் வந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டெல் பிராமும் குழுவும் 70 சமையல் மரபுகளிலிருந்து 33,750 குறிப்புகளை எடுத்து அதே கேள்வியைப் பரிசோதித்தார்கள். வெப்ப நாடுகளில் மசாலா கூடுதல் என்பது சரிதான். ஆனால் உணவால் வரும் நோய் மசாலாவுக்குக் காரணம் என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து மரபுகள் ஒன்றிடமிருந்து ஒன்று பழகுவது, வறுமை என்று வேறு பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

பழையது ஐயாவுக்கு: பெரியவர்கள் சொன்னதை நான் தள்ளவில்லை. அந்தச் சோற்றைக் காப்பாற்றியது எது என்பதில்தான் பேச்சு. ராத்திரி தண்ணீர் ஊற்றியதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகள் பின்வாங்கும். காலையில் கடிக்கிற உள்ளி, ராத்திரி முழுக்கப் பானைக்குள் நடந்ததில் பங்கெடுக்கவே இல்லை. ஆறின சோற்றில் உடனே தண்ணீர் ஊற்றிப் புளிக்க விட்டது உங்கள் தாத்தா வீட்டின் கெட்டிக்காரத்தனம். தண்ணீர் ஊற்றாமல் சட்டியிலேயே விட்ட சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். அதன் வித்துகள் சோறு வேகும் கொதிநிலையைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். அது விடுகிற வாந்தி நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். அந்த நச்சுக்கு எதிராகப் பத்து உள்ளியைக் கடித்தாலும் பயனில்லை.

சுரண்டைக் கமிஷன் கடை எழுதியது:

நான் காய்கறி ஏற்றி அனுப்புகிறவன். பாவூர்சத்திரம், சுரண்டையிலிருந்து ராத்திரி கிளம்புகிற லாரி விடிவதற்குள் புனலூர், கொல்லம் போய்விடும். எங்கள் அனுபவத்தில் சிவப்புத் தோல் உள்ளி மூட்டையில் நிற்கும், வெள்ளைத் தோல் வெங்காயம் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். இதற்கும் நீங்கள் சொல்கிற சங்கதிக்கும் தொடர்பு உண்டா?

இன்னொன்று. நறுக்கிய வெங்காயம் காற்றில் உள்ள கிருமியை எல்லாம் இழுத்துக்கொள்ளும், மறுநாள் சாப்பிட்டால் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வருகிறது. வாங்குகிற ஓட்டல்காரர்களும் கேட்கிறார்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லிங்க், வாக்கர் என்ற இருவர் 1929 முதல் 1933 வரை இதைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். வெங்காயத்தில் ஸ்மட்ஜ் என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு, தோல் மேல் கரும்புள்ளி வட்டங்களாக வரும். சிவப்பு, மஞ்சள் தோல் வெங்காயத்தில் வராது, வெள்ளையில் வரும். காய்ந்த நிறத்தோலில் கேட்டிகால், புரோட்டோகேட்டிச்சுயிக் அமிலம் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஈரம் பட்டதும் அவை கரைந்து கசிந்து, பூஞ்சை வித்து முளைக்கும் முன்பே கொன்றுவிடுகின்றன. செடியின் நோய் எதிர்ப்புக்கு இன்ன வேதிப்பொருள்தான் காரணம் என்று விரல் வைத்துக் காட்டிய முதல் வேலைகளில் இது ஒன்று. அதே லிங்க்தான் பின்னாளில் ரத்தம் உறையாமல் தடுக்கும் டைக்குமரால் மருந்துப் பொருளையும் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைவர்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் காவல் காய்ந்த வெளித்தோலில் இருக்கிறது. சமையலுக்கு முன் நாம் முதலில் உரித்து எறிவதும் அதைத்தான். செடி தன்னைக் காத்துக்கொள்ள, தன் பகைவனுக்கு எதிராகச் செய்து வைத்த ஏற்பாடு அது. நம் வயிற்றைக் கெடுக்கும் கிருமியை அது கணக்கில் வைக்கவே இல்லை.

வாட்ஸ்அப் செய்தி பொய். வெங்காயம் காற்றிலிருந்து எதையும் இழுக்காது. ஆனால் வெங்காயத்தில் கிருமியே தங்காது என்று மறுபக்கம் சாய்வதும் ஆபத்து. 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிவப்பு வெங்காயத்தால் சால்மோனெல்லா பரவி, அமெரிக்காவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அடுத்த வருஷமே மெக்சிகோவிலிருந்து போன வெங்காயத்தால் மறுபடியும் ஆயிரத்தைத் தாண்டியது. 2008-இல் பச்சை மிளகாயால் 1,400 பேருக்கு மேல். முதலில் தக்காளியைச் சந்தேகப்பட்டு, கடைசியில் ஹாலபீனோ மிளகாயில் வந்து நின்றது விசாரணை. மிளகாயின் காரம் நம் நாக்கைச் சுட்டதே தவிர சால்மோனெல்லாவை ஒன்றும் செய்யவில்லை. கொத்தமல்லித் தழையும் அப்படித்தான். அதில் உள்ள டோடெசினல் என்ற பொருள் சால்மோனெல்லாவைக் கொல்கிறது என்று 2004-இல் பெர்க்லியில் கண்டுபிடித்தார்கள், ஜென்டாமைசின் மருந்தைவிட இரண்டு மடங்கு வீரியம் என்று செய்தியும் வந்தது. அதே கொத்தமல்லித் தழை அழுக்குத் தண்ணீர் பட்டு வந்தால் நோயைச் சுமந்து வருகிறது.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் எழுதியது:

அக்கா, ஒரு சந்தேகம். நாங்கள் ஆய்வகத்தில் அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் கிருமியைப் பரப்பி, பூண்டுச் சாறு நனைத்த காகித வட்டை வைக்கிறோம். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரிகிறது. கற்பூரவள்ளிச் சாறு, இஞ்சிச் சாறு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வளையம் வருகிறது. உணவில் மட்டும் ஏன் அது வருவதில்லை?

நுண்ணோக்கி எழுதியது:

தட்டில் இருப்பது தெளிந்த சத்துநீரும் அகாரும். உணவில் கொழுப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது. கற்பூரவள்ளியின் கார்வக்ரால், ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால் எல்லாம் எண்ணெய்ப் பக்கம் ஓடுகிறவை. சாப்பாட்டில் உள்ள கொழுப்பில் போய் ஒளிந்துகொண்டால் நீர்ப்பகுதியில் இருக்கும் கிருமியை எப்படித் தொடும்? 2004-இல் சாரா பர்ட் என்பவர் இந்த ஆய்வுகளைத் தொகுத்தார். தட்டில் வேலை செய்த அளவைப் போல் சூப்பில் 50 மடங்கு, மென்மையான பாலாடைக்கட்டியில் 25 முதல் 100 மடங்கு சேர்த்தால்தான் அதே விளைவு கிடைத்தது. அவ்வளவு ஓமச்சாறு ஊற்றினால் யார் வாயில் வைப்பார்கள்?

கிருமியிலும் வித்தியாசம் உண்டு. ஈ. கோலை, சால்மோனெல்லாவுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது. இப்படிப்பட்ட எண்ணெய்ப் பொருள்கள் உள்ளே நுழைவதை அது தடுக்கும். லிஸ்டீரியா, ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு அந்தச் சவ்வு இல்லை, அவை பொதுவாகச் சீக்கிரம் மடங்கும்.

காய்கறியே உணவாக இருக்கும்போது நடப்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் கேரட். 1990-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பியூசாட், பிராக்கெட் இருவரும் லிஸ்டீரியாவைப் பச்சைக் கேரட்டில் விட்டுப் பார்த்தார்கள். முழுக் கேரட்டோ துருவலோ, தொட்டதுமே எண்ணிக்கை குறைந்தது. அதே கேரட்டை வேகவைத்து விட்டார்கள், அந்த விளைவு காணாமல் போனது. காய்கறிக்குள் சரக்கு இருக்கிறது, அடுப்பில் வைத்தால் போய்விடுகிறது. அடுப்பில் வைப்பதால் கிருமியும் சாகிறது என்பது வேறு விஷயம். வெந்தபின் புதிதாக வந்து விழும் கிருமிக்கு அங்கே எதிரி இல்லை, அதை மறக்கக் கூடாது.

புனலூர் மருமகள் எழுதியது:

பிறந்தது தென்காசி, வாழ்க்கைப்பட்டது புனலூர். இங்கே காந்தாரி மிளகாயை வினிகரில் ஊறவைத்து மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம், கெடுவதே இல்லை. என் நாத்தனார் அதே மாதிரி உரித்த பூண்டைத் தேங்காயெண்ணெயில் மூழ்க வைத்து ஷெல்ஃபில் வைத்திருக்கிறார். பூண்டே கிருமிநாசினி, மேலே எண்ணெய் வேறு, எப்படிக் கெடும் என்கிறார். சரிதானா மதினி?

நுண்ணோக்கி எழுதியது:

தயவுசெய்து இன்றைக்கே அந்தப் பாட்டிலைக் கொட்டச் சொல்லுங்கள். இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

மண்ணில் விளைகிற பூண்டில் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். எண்ணெயில் மூழ்க வைத்தால் காற்று அறுந்துபோகிறது. பூண்டுக்குள் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை, அறைச் சூடும் இருக்கிறது. வித்து முளைத்து நச்சு விடுவதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டாம். நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தக்கூடிய நச்சு அது. வாடையோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்பெட்டியில் வைக்காமல் பயன்படுத்திய ஓர் உணவகத்தால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் இன்னும் 3 பேர். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் கடைக்கு வரும் எண்ணெய்ப் பூண்டில் அமிலமோ கிருமியைத் தடுக்கும் வேறு பொருளோ சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. வெங்காயத்துக்கும் கதை உண்டு, 1983-இல் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில் வெண்ணெயில் வதக்கி வெதுவெதுப்பாகவே வைத்திருந்த வெங்காயத்தால் 28 பேர். அல்லிசின் அந்த வித்தைத் தடுக்கவில்லை, பூண்டே அதைச் சுமந்து வந்தது.

வினிகரில் போட்ட காந்தாரி வேறு வகை. புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டுலினம் முளைக்காது, எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம். அங்கே காவலாளி வினிகர், மிளகாய்க்குச் சம்பந்தம் குறைவு. மிளகாய் முழுக்க வினிகரில் முங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு டியூட்டி எழுதியது:

கொல்லத்தில் நர்ஸ் வேலை. பூண்டு மயோனைஸ் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். ஷவர்மாவோடு தருகிற வெள்ளை விழுதில் பச்சைப் பூண்டு நசுக்கித்தான் போடுகிறார்கள், நுண்ணோக்கி அக்கா சொன்ன அல்லிசின் அதில் தாராளமாக இருக்கும். ஆனாலும் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைக் கேரளா 2023 ஜனவரியில் தடை செய்தது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஒரு வருஷத்துக்குத் தடை போட்டது. முட்டையில் வந்த சால்மோனெல்லாவைப் பூண்டு அடக்கியிருந்தால் தடையே வேண்டியிருக்காது.

பந்தி அண்ணாச்சிக்கு ஒரு விண்ணப்பம். அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது விரல் நுனி கிழியும். கொஞ்சம் மஞ்சளை அப்பிக்கொண்டு அதே கையால் தேங்காய் துருவுவார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம், ஆழமான காயத்தில் அதை நம்ப முடியாது. புண்ணில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சட்னியில் விழுந்து வெளிச்சூட்டில் பெருகினால் நச்சு விடும், அதுவும் சூட்டுக்கு மசியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. மலைப்பாதையில் அந்த நிலை வந்தால் நினைத்துப் பாருங்கள். கை கிழிந்தவரைப் பரிமாறவோ துருவவோ விடாதீர்கள். இலை போடவும் வேண்டாம், வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்க்க அனுப்புங்கள்.

பழையது எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். அப்படியானால் ஊறுகாய்? ஆந்திராக்காரர்கள் ஆவக்காயில் கடுகுப் பொடியைக் கொட்டுகிறார்கள். நம் வீட்டு மாவடுவிலும் கடுகு அரைத்துப் போடுகிறோம். வருஷம் கெடாமல் இருக்கிறது. தாளிதத்திலும் கடுகுதான். கடுகுக்கும் சக்தி இல்லை என்பீர்களா?

நுண்ணோக்கி எழுதியது:

இல்லை ஐயா, அங்கே நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி, முருங்கை எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே வழிமுறை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஒரு பக்கம், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கம். பச்சையாக அரைத்து ஈரம் பட்டதும் இரண்டும் கூடி ஐசோதயோசயனேட் உண்டாகிறது. அரைத்த கடுகு மூக்கில் ஏறுவது அதனால்தான். நன்றாகவே கிருமியைத் தடுக்கும் பொருள், ஜப்பானில் உணவுப் பொட்டலங்களுக்குள் இதன் ஆவி பரவும்படி வைத்துக் கெடாமல் காக்கிறார்கள். மாவடுவில் பச்சைக் கடுகை அரைத்துச் சேர்ப்பது அப்படி ஒரு உத்தி. உப்பும் மாங்காயின் புளிப்பும் அதோடு கைகோக்கின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் வருஷம் தாங்கும், உப்பைக் குறைத்துவிட்டுக் கடுகை மட்டும் நம்பினால் பூத்துவிடும்.

தாளிதத்தில் வெடிக்க விடும் கடுகில் நொதி எண்ணெய்ச் சூட்டிலேயே போய்விடுகிறது. அது மணத்துக்கு.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் எழுதியது:

முருங்கை என்றதும் நினைவு வந்தது. முருங்கை விதைப் பொடியைக் கலங்கல் தண்ணீரில் போட்டால் தெளிகிறது, கிருமியும் குறைகிறது என்கிறார்களே?

நுண்ணோக்கி எழுதியது:

ஆமாம், விதையில் நேர்மின்னூட்டம் உள்ள ஒரு புரதம் இருக்கிறது. கலங்கலையும் அதோடு ஒட்டிய பாக்டீரியாவையும் பிடித்து அடியில் படிய வைக்கும். பெரும்பகுதி இறங்கிவிடும், முழுக்கப் போகாது. தெளிந்த நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

புளியரைப் பந்தி எழுதியது:

எல்லோருக்கும் மனசார நன்றி. குழுவில் இதை அப்படியே படித்துக் காட்டினேன். மஞ்சள், பெருங்காயம் கூட்டிப் போடும் யோசனையை விட்டுவிட்டோம். இப்போது காரியத்துக்கு வருகிறேன். காலை நாலு மணிச் சாம்பாரை என்ன செய்வது? தேங்காய்ச் சட்னி? போகிற வழிக்குப் புளியோதரைப் பொட்டலம் கட்டித் தரலாமா? ராத்திரி மீந்த சாம்பாரை மறுநாள் வைக்கலாமா?

நுண்ணோக்கி எழுதியது:

//காலை நாலு மணிச் சாம்பாரை என்ன செய்வது?//

கொதி நின்ற பிறகு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அண்டாவை அடுப்பை விட்டு இறக்காதீர்கள், சிம்மில் வையுங்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அரை மணிக்கு ஒரு தரம் நடுவில் விட்டுப் பார்க்க ஓர் ஆளை வையுங்கள். புளி சேர்ந்திருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பருப்பு அந்தப் புளிப்பைத் தணித்துவிடும், 4.6-க்குக் கீழே நிற்கும் என்று சொல்ல முடியாது.

//தேங்காய்ச் சட்னி?//

உங்கள் பந்தியில் எனக்கு அதிகக் கவலை இதன் மேல்தான். வேகாத பண்டம், புளிப்பு இல்லை, சத்து நிறைய, கை படுவதும் அதிகம். பூண்டு இல்லாததால் கெடுகிறது என்று பேசினீர்களே, தேங்காயே போதும் அதைக் கெடுக்க. ஒரே தடவையில் அரைக்காமல் பந்திக்குப் பந்தி அரைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் புளி இஞ்சியோ வதக்கி அரைத்த தக்காளித் துவையலோ வைத்துவிடுங்கள். கிரைண்டர் கல்லுக்கு அடியில் முந்தின நாள் விழுது தங்கும், கல்லைத் தூக்கிக் கழுவிக் கொதிநீர் ஊற்றுங்கள்.

புளியோதரை நல்ல தேர்வு. புளிக்காய்ச்சலில் புளிப்பு, உப்பு, எண்ணெய் எல்லாம் கூடி, தண்ணீர் வற்றி இருக்கிறது. சோற்றில் பரவலாகக் கிளறினால் பேசில்லஸ் சீரியஸுக்கு இடம் குறையும். சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கலந்து கட்டுங்கள், சுடச்சுட இலையில் மூடிவைத்தால் உள்ளே வேர்த்து வெதுவெதுப்பு நாள் முழுக்க நிற்கும். காலையில் கட்டியதை மதியத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லி, பொட்டலத்தில் நேரத்தை எழுதிக் கொடுங்கள். தயிர்ச்சாதம் கட்டித் தர வேண்டாம், பால் ஊற்றிக் கிளறுவதால் புளிப்பு போதுமான அளவு இருக்காது.

மீந்த சாம்பாரை மறுநாளைக்கு வைக்காதீர்கள். பெரிய அண்டா நடுவில் ஆற ராத்திரி முழுக்க ஆகும். அந்த இளஞ்சூட்டில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். கல்யாண வீடுகளிலும் விடுதிகளிலும் கூட்டமாக வயிறு கெடுவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். மிஞ்சுவதை ராத்திரியே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

சுரண்டைக் கமிஷன் கடை எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் பந்திக்கு வேண்டிய காய் நம் கடையிலிருந்து வரட்டும். வெள்ளரி, கேரட், மல்லித்தழை எல்லாம் மண்ணோடுதான் வரும், மூட்டையில் நான் கழுவி அனுப்பினால் ஈரத்தில் அழுகிவிடும். ஓடுகிற நல்ல தண்ணீரில் அங்கே கழுவிக்கொள்ளுங்கள். தேங்காயை உடைக்காமல் மட்டையோடு தருகிறேன்.

புனலூர் மருமகள் எழுதியது:

பூண்டு பாட்டிலை நாத்தனார் கொட்டிவிட்டார். அண்ணாச்சி, குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? சபரிமலையில் தருவது போல் சுக்கு, ராமச்சம் என்கிற வெட்டிவேர், தண்ணீரைச் சிவக்க வைக்கும் பதிமுகம் போட்டுத் தரலாமே. சுக்கும் பதிமுகமும் கிருமியை அடக்கும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம்.

வார்டு டியூட்டி எழுதியது:

தாராளமாகத் தரலாம். ஆனால் கிருமியைக் கொல்வது கொதி. பட்டையும் வேரும் வாசனைக்கும் நிறத்துக்கும். எங்கள் வார்டுக்கு மஞ்சள்காமாலையோடு வருகிறவர்களைக் கேட்டால், ஓட்டலில் பதிமுகத் தண்ணீர்தான் குடித்தோம் என்று பலர் சொல்வார்கள். கொதித்த தண்ணீர் குடிக்க முடியாத சூடாக இருக்கிறது என்று பாதி வாளி பச்சைத் தண்ணீரை அதில் கலந்துவிடுவார்கள், நிறம் மாறாததால் தெரியாது. ராத்திரியே கொதிக்க வைத்து, மூடி, குழாய் வைத்த டிரம்மில் ஊற்றி ஆறவிடுங்கள். டிரம்முக்குள் யாரும் தம்ளரை முக்கக் கூடாது.